19 சீட்டு, ஒரு கோப்பை

மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் கோடையில் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டிக்குச் சில வருஷம் ஸ்கோர் எழுதப் போயிருக்கிறேன். அங்கே கண்மாய் வற்றினால்தான் கிரவுண்டு. கம்பு நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட் கட்டி, ‘மாபெரும் மின்னொளி கால்பந்துப் போட்டி’ என்று நோட்டீஸ் அடித்திருப்பார்கள். சனிக்கிழமை மதியம் என்ட்ரி ஃபீஸ் வாங்கி முடித்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் அணிகளின் பெயரைச் சீட்டில் எழுதி எவர்சில்வர் தூக்குவாளிக்குள் போடுவார். “அண்ணே, நல்லாக் குலுக்குங்க. போன வருசம் மாதிரி உங்க ஊரு டீமுக்கே பை விழுந்துறப் போகுது” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும். பை என்றால் ஆடாமலே அடுத்த சுற்று. அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நிற்கும் சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார். ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்கு ஏதோ ஒரு அணி கோப்பையோடு வேனில் ஏறும்.

ஒரு வருஷம் 19 அணிகள் வந்திருந்தன. நாக் அவுட்டில் கணக்கு எளிது. ஒவ்வொரு ஆட்டமும் ஒரு அணியை வீட்டுக்கு அனுப்புகிறது, கடைசியில் ஒன்றுதான் மிஞ்ச வேண்டும், ஆகவே 18 ஆட்டம். அதே 19 அணிகளும் ஒன்றோடொன்று ஒரு தடவை மோத வேண்டும் என்று லீக் வைத்தால் 171 ஆட்டம். நாளைக்குப் பன்னிரண்டு ஆட்டம் நடத்தினாலும் இரண்டு வாரம் தாண்டிவிடும். அதுவரை வேன் வாடகை கொடுக்க எந்த ஊர்ப் பையனிடம் காசு இருக்கும்? இன்னொரு சிக்கல், 19 என்பது 2, 4, 8, 16, 32 என்ற வரிசையில் உட்காராத எண். 32லிருந்து 19ஐக் கழித்தால் 13. அத்தனை அணிகளுக்கு முதல் சுற்றில் ஆட்டமே கிடையாது, ‘பை’. மீதி ஆறு அணிகள் மூன்று ஆட்டம் ஆடி, ஜெயித்த மூன்றும் இந்தப் பதின்மூன்றும் சேர்ந்து பதினாறாகும். தூக்குவாளிச் சண்டை எல்லாம் அந்த 13 சீட்டுக்காகத்தான்.

தேசிய அளவிலான கோப்பை ஃபைனல் என்றதும் நமக்கு டி.வி.யில் தெரியும் வெம்ப்ளி மைதானம்தான் ஞாபகம் வருகிறது. 90,000 இருக்கை, அரச குடும்பம், பளபளக்கும் வெள்ளிக் கோப்பை. பணக்கார ஆட்டத்தின் உச்சி அதுதான் என்று தோன்றும். பிறந்த கதையைப் பார்த்தால் நிலைமை வேறு. நாளும் கிரவுண்டும் போக்குவரத்துச் செலவும் இடிக்கிறவர்களுக்கு ஏற்பட்ட வழிதான் நாக் அவுட். லீக் வந்தது காசு புழங்கத் தொடங்கிய பிறகு.

உலகின் மிகப் பழைய தேசிய கோப்பையான இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை 1871ல் முடிவாகி, 1872 மார்ச் 16 அன்று லண்டனின் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் முதல் ஃபைனலைப் பார்த்தது. யோசனை சொன்னவர் இங்கிலாந்துக் கால்பந்து சங்கத்தின் செயலாளர் சார்லஸ் ஆல்காக். ஹாரோ பள்ளியில் படித்தபோது விடுதிகளுக்கு இடையே நடந்த ‘தோற்றால் வெளியே’ போட்டிகள் அவர் மனதில் இருந்தன. சேர்ந்தவை 15 அணிகள். அந்த முதல் வருஷக் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மேலூரில் நடந்த எல்லாமே அங்கேயும் நடந்திருக்கிறது.

வாண்டரர்ஸ் என்ற அணியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் அவர்களோடு மோத வேண்டிய ஹாரோ செக்கர்ஸ் வரவில்லை, வாக் ஓவர். இரண்டாவது சுற்றில் ஒரு வெற்றி. காலிறுதியில் கோலில்லா டிரா. அன்றைய விதிப்படி இரண்டு அணிகளையுமே மேலே அனுப்பிவிட்டார்கள். அரையிறுதியில் எதிரே கிளாஸ்கோவின் குவீன்ஸ் பார்க். இவர்கள் அதற்கும் மேலே: பையும் எதிரணி விலகலுமாக, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அரையிறுதி வரை வந்தவர்கள். ஸ்காட்லாந்திலிருந்து லண்டனுக்கு ரயில் செலவுக்கே ஊரில் வசூல் செய்துதான் வந்திருந்தார்கள். ஆட்டம் 0-0. மறு ஆட்டத்துக்கு இன்னொரு தடவை வரக் காசில்லாமல் விலகிக்கொண்டார்கள். ஆக, ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்து வாண்டரர்ஸ் ஃபைனலுக்குள் வந்தது. வேனுக்குக் காசு சேராததால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வர முடியாமல் போன நத்தம் பக்கத்து அணி ஒன்று எனக்கு ஞாபகம் வருகிறது.

ஃபைனலில் எதிரணி ராயல் இன்ஜினியர்ஸ், ராணுவ அதிகாரிகள். ஜெயிப்பார்கள் என்று எல்லோரும் சொன்னது இவர்களைத்தான். ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷத்திலேயே அவர்களுடைய கிரெஸ்வெல் என்ற லெப்டினன்டுக்குக் காறை எலும்பு முறிந்தது. மாற்று ஆள் இறக்கும் விதி அப்போது கிடையாது. மனிதர் வலியோடு கடைசிவரை மைதானத்திலேயே நின்றார். கோல் போஸ்டுக்கு மேலே கட்டை கிடையாது, நாடா கட்டியிருந்தார்கள். சுமார் 2,000 பேர் பார்த்தார்கள். வாண்டரர்ஸ் 1-0 என்று ஜெயித்தது.

அந்த ஒரு கோலை அடித்தவர் பெயர் அணிப் பட்டியலில் ஏ.எச். செக்கர் என்று இருந்தது. அப்படி ஒரு ஆளே கிடையாது. அடித்தவர் மார்ட்டன் பெட்ஸ். அவர் முதல் சுற்றில் விலகிய அந்த ஹாரோ செக்கர்ஸோடு சேர்ந்தவர். ‘ஒரு ஹாரோ செக்கர்’ என்பதைத்தான் சுருக்கிப் பெயராக வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். நம் பக்கத்தில் இதற்கு ‘ஆள் இறக்குவது’ என்று பெயர். பாதிச் சண்டை இதில்தான் வரும். ஆதார் கார்டு கேட்கும் கமிட்டிகள்கூட இப்போது உண்டு. எஃப்.ஏ. கோப்பை ஃபைனல்களின் முதல் கோலே வேற்றுப் பெயரில் அடித்த கோல்தான் என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்களோ.

சரி, வாண்டரர்ஸுக்குக் கேப்டன் யார்? யோசனை சொன்ன அதே ஆல்காக். கமிட்டிக்காரர் ஊர் டீமே கப்பை எடுத்துவிட்டது. அடுத்த வருஷம் அவர்களுக்கு முந்திய சுற்றுகளே இல்லை. கோப்பை வைத்திருப்பவர் நேராக ஃபைனலுக்கு வரலாம், மற்றவர்கள் ஆடி ஜெயித்து வந்து அவருக்குச் சவால் விட வேண்டும் என்று விதி. ‘சேலஞ்ச் கப்’ என்று பெயர் வந்தது அதனால்தான். பிறகு அந்த விதியைக் கைவிட்டார்கள், பெயர் தங்கிவிட்டது.

நம் ஊர்ச் சுழற்கோப்பை திரும்பி வராமல் போகும் கதைகளுக்கும் அங்கே மூத்த கதை உண்டு. 1895ல் ஆஸ்டன் வில்லா ஜெயித்த கோப்பையை பர்மிங்காமில் ஒரு கடை ஜன்னலில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ராத்திரியில் திருடு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. கிளப்புக்கு 25 பவுண்டு அபராதம்.

1885ல் இங்கிலாந்தில் சம்பளத்துக்கு ஆடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அங்கேதான் நாக் அவுட்டின் ஓட்டை தெரிந்தது. முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டால் அந்த வருஷம் கோப்பையில் அவ்வளவுதான். நட்பு ஆட்டம் என்று பேசி வைத்தவர்கள் கோப்பை ஆட்டம் வந்ததும் கடைசி நேரத்தில் கழன்றுகொள்வார்கள். ஆனால் வீரருக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டும். கேட்டில் டிக்கெட் விற்றால்தான் சம்பளம். வில்லாவின் வில்லியம் மக்ரிகர் மற்றக் கிளப்புகளுக்குக் கடிதம் எழுதி, தேதி மாறாத ஆட்டங்கள் வேண்டும் என்று கேட்டு, 12 கிளப்புகளோடு 1888ல் ஃபுட்பால் லீக் தொடங்கியது. கோப்பைக்கும் லீக்குக்கும் இடையில் 17 வருஷம்.

அதே 1888ல், சிம்லாவில், ஹென்றி மார்ட்டிமர் டூரண்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி தம் பெயரில் ஒரு கோப்பை கொடுத்தார். ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி அதுதான். ரொம்பக் காலம் பட்டாளத்து அணிகளே மாறி மாறி எடுத்துக்கொண்டிருந்தன. 1940ல் டெல்லியில் முகமதன் ஸ்போர்ட்டிங் முதல் இந்திய அணியாக அதை வென்றது. அதற்கு முன்பே, 1911ல், கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற நாக் அவுட் போட்டியின் ஃபைனலில் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷைர் பட்டாளத்தை 2-1 என்று சாய்த்திருந்தது. கல்கத்தா லீக்கும் அன்று இருந்தது. ஆனால் தேசம் முழுக்கப் பேச வைத்தது ஒரே நாளில் முடிந்த அந்த ஃபைனல். கிளப்புகளுக்கென்று ஃபெடரேஷன் கோப்பை 1977ல் வந்தது. தேசிய லீக்? 1996ல்தான். இந்த நாட்டில் அகில இந்தியக் கால்பந்து நூறு வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் நாக் அவுட்டாகவேதான் இருந்திருக்கிறது. மேலூர்க் கண்மாய்க்கு இருந்த அதே காரணம்தான்: தூரம், செலவு, நாள். 1997ல் சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு வந்தவர்கள் 1,31,781 பேர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார், ஈஸ்ட் பெங்கால் 4-1. அரையிறுதிக்கே இப்படி. ஃபைனலில் ஈஸ்ட் பெங்கால் கோவாவின் சல்காவ்கர் அணியிடம் தோற்றது, அதைப் பேசுகிறவர் குறைவு.

இனி, ஏன் சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்க்கிறது என்ற விஷயம். கபடியில் ஒரு ஆட்டத்துக்கு முப்பது, நாற்பது புள்ளி விழும். நல்ல அணிக்கும் சுமாரான அணிக்கும் உள்ள வித்தியாசம் அத்தனை புள்ளிக்குள் எப்படியும் வெளியே வந்துவிடும். கால்பந்தில் 90 நிமிஷத்துக்கு இரண்டு, மூன்று கோல். ஒரு பந்து போஸ்டில் பட்டு உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்பதே முடிவாகிவிடலாம். லீக்கில் 38 ஆட்டத்தில் இந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் ஏறி இறங்கிச் சரியாகிவிடும். நாக் அவுட்டில் சரியாக நேரமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஃப்.ஏ. கோப்பையில் 700க்கும் மேற்பட்ட கிளப்புகள் சேர்ந்தாலும் பெரிய கிளப்புகள் ஜனவரியில் மூன்றாம் சுற்றில், 64 அணிகள் இருக்கும்போதுதான் இறங்கும். அங்கிருந்து கோப்பைக்கு ஆறு வெற்றி. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க நூற்றுக்கு எழுபது வாய்ப்புள்ள அணி என்று வையுங்கள், பெரிய அணிதான் அது. ஆறையும் தொடர்ந்து ஜெயிக்கும் வாய்ப்பு 0.7ஐ ஆறு தடவை பெருக்கினால் வருவது: நூற்றுக்குப் பன்னிரண்டுகூட இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் நூற்றுக்கு 25 வாய்ப்பே உள்ள அணிக்கோ 4,096ல் ஒன்று. ஆக, யாராவது ஒரு பெரிய அணி எங்கேயாவது சறுக்குவது சாதாரணம். ஒரே சின்ன அணி கடைசிவரை சறுக்காமல் வருவதுதான் அபூர்வம்.

2025 மே 17. அழகர் ஆற்றில் இறங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. நம் ஊர் நேரம் ராத்திரி ஒன்பது மணிக்கு எஃப்.ஏ. கோப்பை ஃபைனல். கிரிஸ்டல் பேலஸும் மான்செஸ்டர் சிட்டியும். பேலஸ் 1905ல் தொடங்கிய கிளப், அதுவரை பெரிய கோப்பை எதுவும் எடுத்ததில்லை, இதே ஃபைனலில் 1990லும் 2016லும் தோற்றிருந்தது. பந்து பெரும்பாலும் சிட்டியின் காலில். 16வது நிமிஷம் பேலஸ் ஒரே ஓட்டமாக மேலே ஏறியது, எபெரெச்சி எஸே அடித்தார். முதல் பாதியிலேயே சிட்டிக்கு ஒரு பெனால்டி, கோல்கீப்பர் டீன் ஹென்டர்சன் தடுத்தார். 1-0, முடிந்தது. இந்த இரண்டு அணிகளும் பத்து ஆட்டம் ஆடியிருந்தால் சிட்டி ஆறேழு ஜெயித்திருக்கும் என்று என்னோடு பார்த்த நண்பர் ராத்திரி பன்னிரண்டு மணி வரை வாதாடினார். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் ஒரு ஆட்டம் மட்டும் வைக்கிறார்கள் என்றேன். அவருக்குக் கோபம் ஆறவில்லை.

இதே சாயலில் 1988 எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் விம்பிள்டன் லீக் சாம்பியன் லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்தது. அங்கேயும் ஒரு பெனால்டியைக் கோல்கீப்பர் டேவ் பெசன்ட் தடுத்தார். ஃபுட்பால் லீக்குக்குள்ளேயே 1977ல்தான் வந்த கிளப் அது. எனக்கு மனதுக்கு நெருக்கமானது பிரான்ஸின் காலே. நாலாம் டிவிஷனில் ஆடிய, வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்களின் அணி. 2000ல் பிரெஞ்சுக் கோப்பை ஃபைனல் வரை வந்தது. நான்ட் அணியோடு முதலில் கோல் போட்டது காலேதான். கடைசி நிமிஷத்தில் பெனால்டி கொடுத்து 2-1 என்று தோற்றார்கள். நான்ட் கேப்டன் மிக்கேல் லான்த்ரோ, காலே கேப்டனைக் கூப்பிட்டுத் தன்னோடு சேர்ந்து கோப்பையைத் தூக்க வைத்தார்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 2022ல் தொடங்கிய டைமண்ட் ஹார்பர் என்ற வங்காளக் கிளப், 2025 டூரண்ட் கோப்பை ஃபைனலுக்கு வந்து எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. ஃபைனலில் நார்த்ஈஸ்ட் யுனைட்டெட் ஆறு கோல் போட்டது. 6-1.

டைபிரேக்கர், அதாவது டிரா ஆனால் மாறி மாறி பெனால்டி அடித்து முடிவு செய்வது, அதைப் பற்றிக் கொஞ்சம். முன்பெல்லாம் எஃப்.ஏ. கோப்பை ஃபைனல் டிரா ஆனால் மறு ஆட்டம். 1993ல் ஆர்சனலும் ஷெஃபீல்டு வெனஸ்டேவும் ஆடியதுதான் கடைசி மறு ஃபைனல். 2005ல் முதல்முறையாக டைபிரேக்கரில் கோப்பை முடிவானது. 2024-25லிருந்து முதல் சுற்று தொட்டே மறு ஆட்டம் கிடையாது. நாள் இல்லை என்கிறார்கள். பெரிய கிளப்புக்கு ஐரோப்பிய ஆட்டங்கள் இருக்கின்றன. சின்னக் கிளப்புக்கு மறு ஆட்டம் என்றால் பெரிய மைதானத்தின் டிக்கெட் வசூலில் பங்கு, ஒரு வருஷச் செலவுக்கே அது ஆகும். அதனால் அவர்கள்தான் எதிர்த்துச் சத்தம் போட்டார்கள். 1999-2000ல் கோப்பை வைத்திருந்த மான்செஸ்டர் யுனைட்டெட்டே பிரேசிலில் நடந்த கிளப் உலகப் போட்டிக்காக எஃப்.ஏ. கோப்பையை விட்டுப் போன கதையும் உண்டு. 1973ல் சண்டர்லேண்ட், 1976ல் சவுத்தாம்ப்டன், 1980ல் வெஸ்ட் ஹாம் என்று ஏழு வருஷத்துக்குள் மூன்று இரண்டாம் டிவிஷன் அணிகள் இந்தக் கோப்பையை எடுத்தன. 1980க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. கோப்பை வென்ற பேலஸுக்குக் கிடைக்க வேண்டிய யூரோப்பா லீக் என்ற ஐரோப்பியக் கிளப் போட்டியின் இடமும் கிளப் உரிமையாளர் விவகாரத்தில் பறிபோய், ஒரு படி கீழே தள்ளப்பட்டார்கள்.

இங்கேயும் ஃபெடரேஷன் கோப்பை 2017ல் நின்றது. அடுத்த வருஷம் சூப்பர் கோப்பை வந்தது. 2019ல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் கிளப்புகள் பல கோபித்துக்கொண்டு விலகிவிட்டன. அந்த வருஷ ஃபைனலில்தான் சென்னையின் எஃப்.சி. புவனேஸ்வரில் கோவாவிடம் 2-1 என்று தோற்றது.

அதற்கு அடுத்த மாதமே ஒரு தமிழ்நாட்டு அணி தேசிய ஃபைனல் ஒன்றை ஜெயித்தது. அதுவும் மதுரை அணி. நம்மில் பலருக்கு இது தெரியாது, எனக்கே ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். சேது எஃப்.சி., பெண்கள் கிளப். இந்தியப் பெண்கள் லீக் என்று பெயர்தான் லீக். அப்போது குரூப் ஆட்டங்கள் முடிந்ததும் அரையிறுதி, ஃபைனல் என்று நாக் அவுட்டாகத்தான் முடிப்பார்கள். 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த ஃபைனலில் எதிரே மணிப்பூர் போலீஸ். இந்தியப் பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும். சேது 3-1 என்று ஜெயித்தது. மதுரையில் பெரிய வரவேற்பு எதையும் நான் பார்க்கவில்லை. நம் ஊரில் வாடிவாசலில் நின்று விளையாடும் காளைக்குக்கூட ஃப்ளெக்ஸ் வைக்கிறோம்.

பிறகு அந்தப் போட்டியின் அமைப்பை மாற்றினார்கள். 2021-22ல் 12 அணிகள், எல்லோரும் எல்லோருடனும் ஒரு தடவை, புள்ளிதான் கணக்கு, ஃபைனல் கிடையாது. சேது பத்து ஆட்டம் ஆடி பத்தையும் ஜெயித்தது. கோகுலம் கேரளாவும் பத்துக்குப் பத்து. புவனேஸ்வரில் 2022 மே 26 அன்று கடைசி ஆட்டமாக அட்டவணை இந்த இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தியிருந்தது. கோல் வித்தியாசத்தில் முன்னால் இருந்த கோகுலத்துக்கு டிரா போதும், சேதுவுக்கு ஜெயித்தே ஆக வேண்டும். மூன்றாவது நிமிஷத்தில் ரேணு ராணி அடித்து சேது முன்னால் போனது. பாதி நேரத்துக்குள் கோகுலம் மூன்று போட்டுவிட்டது. இரண்டாம் பாதி முழுக்க ஸ்கோர் நகரவில்லை.